குறையாத அமிலப் போத்தல்

1. காலியான பியூரெட்

முப்பத்து நான்கு மாணவர்களுக்கும் ஒரு மாணவியின் தாயாருக்கும் முன்னால், ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தபோது, எனக்கு நியமிப்பு பிழையாகிப்போனது.

நியமிப்பு என்பது இரசாயன ஆய்வுகூடத்தின் அரிச்சுவடி. செறிவு தெரிந்த ஒரு கரைசலைக் குடுவையில் எடுத்துக்கொண்டு, மற்றக் கரைசலைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாடநூல் அதை அளவி என்கிறது. கோடுகள் போட்ட நீளமான கண்ணாடிக் குழாய், அடியில் ஒரு திருகு. குடுவையில் நிறம் மாறும் கணத்தில் திருகை மூடி, எவ்வளவு செலவாயிற்று என்று வாசித்தால் மற்றக் கரைசலின் செறிவு வந்துவிடும். முல்லைத்தீவில் ஓர் உயர்தரப் பாடசாலையில் முப்பத்தொரு வருடம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். நித்திரையிலும் செய்வேன் என்று வகுப்பில் சொல்வதுண்டு. அன்று நான் விழித்திருந்தேன் என்பதுதான் துயரம்.

குடுவையில் 25 சி.சி. சோடியம் காபனேற்று. அன்று காலை நானே நிறுத்துக் கரைத்தது. அதில் நிறங்காட்டியான மெதைல் செம்மஞ்சள் இரண்டு சொட்டு விட்டதும் மஞ்சளாயிற்று. பியூரெட்டில் ஐதரோகுளோரிக் அமிலம், மேலே பூச்சியத்திலிருந்து கீழே ஐம்பது வரை. அமிலம் 25 சி.சி. போனதும் மஞ்சள் செம்மஞ்சளாக வேண்டும்.

இருபத்து நான்கில் வேகத்தைக் குறைத்தேன். தாயாரைத் திரும்பிப் பார்த்து, "இப்ப பாருங்கோ அம்மா" என்றேன். 25.00. மஞ்சள். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. மஞ்சள். முப்பதிலும் மஞ்சள். நாற்பதைத் தாண்டியபோது பின்வரிசையில் ஒருவர் செருமினார். ஐம்பதில் பியூரெட் முழுவதும் காலியாகி, நுனியில் காற்றுக் குமிழ் வந்தது.

குடுவை மஞ்சளாகவே இருந்தது.

என் வாழ்க்கையில் பியூரெட் காலியானதை நான் கண்டதில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

2. இருபத்திரண்டு ஒழுங்குகள்

இளம் ஆசிரியர்களுக்கு இது விளங்க வேண்டுமானால் என் ஆய்வுகூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. "ஆய்வுகூட ஒழுங்குகள்", இருபத்திரண்டு. எழுதியவன் நான். பிளாஸ்ரிக் உறை போட்டு ஒட்டியவனும் நான். கரைசலை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டை எந்தக் கையால் பிடிப்பது, கண்ணாடி உடைந்தால் யாரிடம் சொல்வது, மழைக்காலத்தில் எந்த யன்னலைத் திறப்பது, எல்லாம் அதில் இருந்தன. நேரம் தவறாமை ஐந்தாவது. என் வீடு ஒட்டுசுட்டானில். மோட்டார் சைக்கிளில் வரும் வழியில் யானை நின்றால், அது போகும்வரை நின்று, பிறகு மிச்சத் தூரத்தை வேகமாக ஓடி, ஏழு இருபதுக்குக் கையொப்பம் இட்டுவிடுவேன். யானையைக் காரணம் காட்டாதவனிடம் மற்றவர்கள் பஸ்ஸைக் காரணம் காட்ட முடியாது என்பது என் கொள்கை.

ஏழாவது ஒழுங்கு இது: "பாவித்து முடிந்ததும் எல்லாப் போத்தல்களும் கோடு வரை நிரப்பி வைக்கப்பட வேண்டும்."

மேசையின் கோடியில், அடியில் குழாய் பூட்டிய பத்து லீற்றர் கண்ணாடிப் போத்தல் ஒன்று இருந்தது. தவணைத் தொடக்கத்தில் அதில் ஐதரோகுளோரிக் அமிலம் கரைத்து வைப்பேன். செறிவு லீற்றருக்கு 0.1 மூல். சுட்டுத்துண்டில் செறிவு, திகதி, என் கையொப்பம். சில வருடமாக அந்த ஒரு கரைப்பு தவணை முழுவதற்கும் போதுமாக இருந்தது. எப்போது பார்த்தாலும் அமிலம் கோட்டில் நிற்கும். கல்வி வலயத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் அந்த வரிசையைப் படம் பிடித்துக்கொண்டு, "மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் காட்ட வேணும் சேர்" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

பத்து லீற்றர் அமிலத்திலிருந்து இரண்டு வகுப்புகள் தவணை முழுவதும் எடுத்தும் அது ஏன் குறையவில்லை என்று அதிகாரி கேட்கவில்லை. அவர் புவியியல் படித்தவர், மன்னிக்கலாம். நான் படித்தது இரசாயனம்.

3. செவ்வாய்க்கிழமை வந்த 34.10

தவணையின் முதல் செய்முறையாக, அந்த வாரம் திங்கட்கிழமை கணிதப் பிரிவு புதிய அமிலத்தில் நியமிப்புச் செய்தது. செவ்வாய்க்கிழமை உயிரியல் பிரிவு. உயிரியல் பிரிவில் முப்பத்து நான்கு பேர்.

செய்முறை தொடங்குமுன் எதிர்பார்க்கும் பெறுமானத்தைக் கரும்பலகையில் எழுதுவது என் வழக்கம். 25.00 என்று எழுதினேன். எங்கே வேகத்தைக் குறைப்பது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அமிலம் வீணாகாது என்பது காரணம். எல்லோரும் குறித்துக்கொண்டதும் அழித்துவிட்டேன். யாராவது வந்து பார்த்தால் விடையை முதலே சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைக்கக் கூடாது அல்லவா.

பத்து நிமிடம் கழித்து ஜெனிற்றா வந்தாள். நாயாற்றுப் பக்கம் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அதிகம் கதைக்கமாட்டாள். பஸ்ஸின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டதாகச் சொன்னாள்.

"என்ரை வழியிலை யானை நிண்டது" என்றேன். "நான் நேரத்துக்கு வந்திட்டன். போய் நில்லும்."

பாடம் முடியும்போது கொப்பிகளைப் பார்த்துக் கையொப்பம் இட்டுக்கொண்டு வந்தேன். 25.00. 25.00. 25.05. 24.95. என் நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியாக ஜெனிற்றாவின் கொப்பியில் 34.10 என்று இருந்தது.

"இது என்ன பிள்ளை?"

"வந்ததை எழுதினனான் சேர்."

"பியூரெட்டைத் தண்ணியாலை கழுவினாப் பிறகு அசிட்டாலை ஒருக்காக் கழுவினனீரோ?"

"ஓம் சேர். ரெண்டு தரம்."

"கழுவியிருந்தா இது வராது. உள்ளுக்குத் தண்ணி நிண்டு அசிட்டைக் குறைச்சிருக்கு. திருப்பிச் செய்யும்."

திருப்பிச் செய்தாள். 34.15 வந்தது. மற்றவர்கள் மேசை துடைத்துக்கொண்டு பார்த்துச் சிரித்தார்கள்.

"பியூரெட்டிலை தண்ணி, உம்மடை மண்டையிலையும் தண்ணி" என்றேன். இன்றைக்கு இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை. பூச்சியம் போட்டேன்.

பூச்சியம் சாதாரண விடயமாக இருக்கவில்லை. செய்முறையில் நாற்பது புள்ளிக்குக் கீழே போகும் மாணவரைக் கலைப் பிரிவுக்கு மாற்றச் சிபாரிசு செய்வது எங்கள் பாடசாலை நடைமுறை. சென்ற தவணை அவளுக்குக் காய்ச்சல், இரண்டு செய்முறைகள் தவறியிருந்தன. இந்தப் பூச்சியத்தோடு முப்பத்தெட்டாயிற்று. பிரிவு மாற்றத்துக்கான கடைசி நாள் வெள்ளிக்கிழமை. விஞ்ஞானப் பகுதித் தலைவர் என்ற முறையில் சிபாரிசுக் கடிதத்தை அன்று பின்னேரமே எழுதி அதிபரின் மேசையில் வைத்தேன். தாயார் கையொப்பமிட வியாழக்கிழமை வரும்படி அறிவித்தேன். ஒரு படிவத்திலும் பிழை இல்லை.

4. தாயாரின் கேள்வி

வியாழக்கிழமை தாயார் வந்தார். கருவாடு போடுபவர். வெயிலில் கறுத்த, குரல் உரத்த பெண். ஆய்வுகூடத்தில் கதிரை கொடுத்தேன், அவர் உட்காரவில்லை. உயிரியல் பிரிவுக்கு அது என் பாடவேளை. முப்பத்து நான்கு பேரும் இருந்தார்கள்.

"சேர், இவள் ஆஸ்பத்திரி நேர்சுக்குப் படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள். அதுக்கு விஞ்ஞானம் வேணுமாம். நீங்கள் கலைக்கு மாத்தினா எல்லாம் சரிஞ்சு போகும்."

"நான் மாத்தேல்லை அம்மா. புள்ளி மாத்துது."

"அவள் வந்ததைத்தான் எழுதினவளாம். பொய் எழுத மாட்டாள் சேர். எழுதினா நான் அடிப்பன் எண்டு அவளுக்குத் தெரியும்."

வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. பிழையைக் கண்ணால் காட்டினால் தாயார் கையொப்பமிட்டுவிட்டுப் போவார் என்று கணக்குப் போட்டேன். பிப்பெட்டை எடுத்தேன். பியூரெட்டைத் தண்ணீரால் கழுவினேன், பிறகு அமிலத்தால் மூன்று தரம் கழுவினேன், அவருக்குக் காட்டிக் காட்டி.

பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். பியூரெட் காலி, குடுவை மஞ்சள்.

நான் குடுவையில் மெதைல் செம்மஞ்சள் இன்னும் ஒரு சொட்டு விட்டேன். இன்னும் கொஞ்சம் கூடுதலான மஞ்சள் கிடைத்தது. தராசைச் சந்தேகித்தேன். காபனேற்றுப் போத்தலைத் தூக்கிச் சுட்டுத்துண்டை வாசித்தேன். சரியாகத்தான் இருந்தது. காலையில் நிறுத்தபோது கண்ணாடி போட்டிருந்தேனா என்றுகூட யோசித்தேன்.

இதற்கிடையில் தாயார் மேசையின் கோடிக்குப் போய்ப் பத்து லீற்றர் போத்தலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், இதிலையோ எல்லாரும் எடுக்கிறவை?"

"ஓம்."

"இத்தினை பேரும் எடுத்தும் கழுத்துமட்டம் நிக்குதே. எடுக்க எடுக்கக் குறையாத போத்தலோ? எங்கட உப்புத் தொட்டி ரெண்டு தரம் மீன் போட்டாலே சப்பெண்டு போயிடும். பேந்து உப்புப் போட வேணும். வெறும் தண்ணியை விட்டா மீன் புழுத்துப் போகும்."

நான் போத்தலைப் பார்த்தேன். அமிலம் கோட்டில் நின்றது, மயிரிழை பிசகாமல்.

"செல்வமலர்!" என்று கூப்பிட்டேன்.

செல்வமலர் எங்கள் ஆய்வுகூட உதவியாளர். மூன்று வருடத்துக்கு முன் வந்தவர். நாற்பது வயது, நெல்வயல் குடும்பத்துப் பெண், சொன்ன சொல் தவறாதவர். அவருக்கு முன் இருந்த உதவியாளர் என் ஒழுங்குகளை ஒருநாளும் வாசித்ததில்லை. அவர் காலத்தில் போத்தல் பாதி நாள் காலியாகக் கிடக்கும், நான் ஏசிக்கொண்டு புதிதாகக் கரைப்பேன்.

"இந்த அசிட் போத்தலை ஆர் நிரப்பினது?"

"நான்தான் சேர்."

"எதாலை?"

"காச்சி வடிச்ச தண்ணியாலைதான் சேர். பைப் தண்ணி விடமாட்டன்." அவர் முகத்தில் பெருமை. "மூண்டு வருசமா ஒருநாளும் விடுபடேல்லை. நீங்கள்தானே ஏழாவதிலை எழுதி ஒட்டினனீங்கள்."

முப்பத்து நான்கு தலைகளும் சுவருக்குத் திரும்பின. நானும் திரும்பினேன். ஏழாவது அங்கேயே இருந்தது. எதனால் நிரப்புவது என்று அதில் இல்லை. கழுவு போத்தல்களையும் காய்ச்சி வடித்த நீர்ப் போத்தல்களையும் மனதில் வைத்து எழுதினேன். அமிலம் என் மனதில் இருக்கவில்லை. "எல்லாப் போத்தல்களும்" என்று மட்டும் தெளிவாக எழுதியிருந்தேன்.

"அசிட் போத்தலுக்குத் தண்ணி விடுறதோ?" என்றேன்.

"சாராயத்துக்குத் தண்ணி விடுறாக்கள் இருக்கினம்" என்றார் தாயார். "அதை அவை தெரிஞ்சுதான் செய்யிறவை."

அப்போதுதான் ஜெனிற்றா வாயைத் திறந்தாள்.

"செல்வமலரக்கா, திங்கக்கிழமை கணிதப் பிரிவிலை எத்தினை பேர் செய்தவை?"

"இருபத்தேழு பேர். ஆளுக்கு நூறு சி.சி. அளந்து குடுத்தனான்."

அவள் கேட்காமலே கரும்பலகைக்குப் போனாள். இருபத்தேழு பேர், ஆளுக்கு நூறு, எடுத்தது 2.7 லீற்றர். மிஞ்சியது 7.3 லீற்றர். அதற்குள் இருப்பது 0.73 மூல். திரும்பவும் பத்து லீற்றராகத் தண்ணீர் விட்டால், லீற்றருக்கு 0.073. என் 25 சி.சி. காபனேற்றுக்கு அந்த அமிலம் எவ்வளவு வேண்டும் என்று வகுத்தாள்.

34.2.

அவள் எழுதியது 34.10. திரும்பச் செய்தது 34.15.

சோக்கட்டி இன்னும் கையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை தங்கள் வகுப்பு எடுத்ததையும் கழித்தாள். முப்பத்து நான்கு பேர், 3.4 லீற்றர். அதற்குப் பிறகும் செல்வமலர் கோடு வரை நிரப்பியிருந்தார். புதிய செறிவு 0.048. வேண்டிய அமிலம் ஐம்பத்திரண்டுக்குக் கிட்ட. பியூரெட் கொள்வது ஐம்பது.

"அதுதான் சேர் உங்களுக்கு அசிட் போதாமல் போனது" என்றாள்.

தண்ணீர் சேர்த்துச் செறிவைக் குறைக்கும் ஐதாக்கல் பாடத்தை இதைவிடச் சுத்தமாக நானும் நடத்தியதில்லை. செறிவு குறைந்தாலும் கனவளவு கூடினாலும் உள்ளே கிடக்கும் மூல் எண்ணிக்கை தண்ணீரால் மாறாது என்று வருடா வருடம் இதே பலகையில் எழுதியிருக்கிறேன். என் பின்னால், மூன்று முழம் தள்ளி, அந்தப் போத்தல் மூன்று வருடமாக அதைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது அமிலம் இல்லை. அது அடுத்த கணம் வந்தது. 34.2 தான் சரியென்றால் மற்ற முப்பத்து மூன்று பேருக்கும் 25.00 எங்கிருந்து வந்தது?

வகுப்பைப் பார்த்துக் கேட்டேன். முன்வரிசையில் இருந்த கெட்டிக்காரன் ஒருவனின் கொப்பியை எடுத்தேன். அவன் 24.95 என்றும் 25.05 என்றும் எழுதிச் சராசரி 25.00 கொண்டுவந்திருந்தான். பக்கத்தில் அழகான எழுத்தில், "மஞ்சள் நிறம் செம்மஞ்சளாக மாறியது அவதானிக்கப்பட்டது." கீழே என் கையொப்பம்.

"நிறம் மாறினதோ தம்பி?"

"இல்லை சேர்."

"அப்ப?"

"இருபத்தஞ்சு வந்ததும் மூடிட்டன் சேர். எல்லாரும் மூடினவை. நீங்கள் போர்டிலை எழுதினனீங்கள்தானே."

"நிறம் மாறேல்லை எண்டு ஒராளும் எனக்குச் சொல்லேல்லையே!"

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "சொன்னா, பியூரெட்டைக் கழுவேல்லை எண்டு ஏசுவீங்கள் சேர்."

நான் கதிரையில் இருந்தேன். தாயாருக்குப் போட்ட கதிரை.

5. மூன்று பிரதிகளில் ஒரு காரணம்

கடிதம் அதிபரின் மேசையில் கிடந்தது. அடுத்த நாள் வலயத்துக்குப் போக வேண்டியது. நேரே அங்கே போனேன். எங்கள் அதிபர் நிதானமான பெண். நான் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கடிதத்தை எடுத்துப் பார்த்தார்.

"சேர், நீங்கள் எழுதிக் கையெழுத்து வைச்ச கடிதம். திருப்பி எடுக்கிறதெண்டாக் காரணம் எழுதித் தர வேணும். உங்களுக்குத் தெரியாத முறையே."

"தெரியும் மிஸ். மூண்டு பிரதி."

"கருவி பழுது எண்டு எழுதுங்கோவன். ஆருக்கும் நோகாது."

"கருவி பழுதில்லை மிஸ்."

"அப்ப உதவியாளரின்ரை கவனயீனம்?"

செல்வமலரின் முகம் ஞாபகம் வந்தது. அந்த ஆய்வுகூடத்தில் என் ஒழுங்கை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்த ஒரே ஆள் அவர்.

"அவா நான் எழுதினதைச் செய்தவா. பிழை நான் எழுதினது."

அதிபர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்தப் பிள்ளையின்ரை புள்ளியை மட்டும் திருத்துங்கோ சேர். மற்ற முப்பத்து மூண்டு பேரிலை கை வைக்காதேங்கோ. வைச்சா நாளைக்குக் காலமை முப்பத்து மூண்டு தாய் தேப்பன் என்ரை வாசல்லை நிப்பினம்."

"அவையள் செய்யாத பரிசோதனைக்கு நான் கையெழுத்து வைச்சிருக்கிறன் மிஸ்."

"அதை எத்தினை வருசமா வைக்கிறீங்கள்?"

செல்வமலர் வந்த மூன்று வருடத்துக் கொப்பிகள் முழுவதும் 25.00. அதற்கு முன்னும் 25.00 தான், ஆனால் அப்போது அமிலம் சரியாக இருந்தது. அப்போதும் பிள்ளைகள் பரிசோதனை செய்தார்களா, பலகையைப் பார்த்து எழுதினார்களா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அதிபரின் கந்தோர்க் கதிரையிலேயே இருந்து எழுதினேன். "கீழே கையொப்பமிடும் ஆசிரியரின் எழுத்துமூல அறிவுறுத்தல் முழுமையற்றதாக இருந்தமையாலும், எதிர்பார்க்கும் பெறுமானத்தை அவர் முன்கூட்டியே வெளியிட்டமையாலும்..." என்று தொடங்கியது. முப்பத்தொரு வருடச் சேவையில் அதுதான் நான் எழுதிய மிகச் சுத்தமான கடிதம். முப்பத்து நான்கு பேரின் புள்ளியையும் நீக்கி, அடுத்த செவ்வாய்க்கிழமை செய்முறையைத் திரும்ப நடத்துவதாக அதில் எழுதினேன். பூச்சியம் போனதும் ஜெனிற்றாவின் புள்ளி நாற்பதுக்கு மேலே வந்தது. சிபாரிசுக் கடிதத்தை அதிபர் என் முன்னாலேயே இரண்டாகக் கிழித்தார்.

வெளியே மாமரத்தடியில் தாயாரும் மகளும் நின்றார்கள். விடயத்தைச் சொன்னேன். மண்டையில் தண்ணீர் என்று சொன்னதற்காக மன்னிப்பும் கேட்டேன்.

"படிச்ச ஆக்களுக்கும் தொட்டி சப்பெண்டு போகும்போல" என்றார் தாயார். பிறகு, "வாடி, பஸ் போகப்போகுது" என்று மகளை இழுத்துக்கொண்டு போனார்.

6. காலைக் கூட்டத்துக்குப் பிறகு

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பேசினேன். முப்பத்து மூன்று பேர் ஒரு பக்கம் நின்றபோதும், ஆசிரியரே ஏசியபோதும், கண்ணால் கண்டதை மாற்றி எழுதாத ஒரு மாணவியின் நேர்மையைப் பற்றி ஐந்து நிமிடம். பெயரைச் சொன்னேன். கைதட்டினார்கள். ஜெனிற்றா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூச்சம் என்று நினைத்தேன்.

இடைவேளைக்கு ஆய்வுகூட வாசலில் வந்து நின்றாள்.

"சேர், காலமை நீங்கள் கதைச்சது சரியில்லை."

"ஏன் பிள்ளை?"

"நான் அண்டைக்குப் பிந்தித்தானே வந்தனான். நான் வரேக்கை போர்டு அழிச்சிருந்தது. இருபத்தஞ்சு எண்டு எனக்குத் தெரியாது." சட்டை நுனியைத் திருகினாள். "பக்கத்திலை நிண்டவளிட்டைக் கேட்டனான். அவள் கொப்பியை மூடிப்போட்டாள். பிந்தி வந்ததுக்கும் சேர்த்து ஏசுவீங்கள் எண்டு பயத்திலை உங்களைக் கேக்கேல்லை. வேறை வழியில்லாமல் நிறம் மாறுமட்டும் விட்டனான்."

"தெரிஞ்சிருந்தா?"

நெடுநேரம் யோசித்தாள். அந்த யோசனையில் ஒரு நாகரிகம் இருந்தது.

"தெரிஞ்சிருந்தா நானும் இருபத்தஞ்சு எண்டுதான் எழுதியிருப்பன் சேர். அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

அவள் போன பிறகு சுவரில் ஒழுங்குப் பலகையைப் பார்த்தேன். வியாழக்கிழமை பியூரெட் காலியானபோதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை. மூன்று வருடத்தில் அந்த ஆய்வுகூடத்தில் பிறந்த, நான் நம்பக்கூடிய ஒரே வாசிப்பு, ஒரு பஸ்ஸின் சில்லுக்குக் காற்றுப் போனதால் பிறந்தது. முப்பத்து மூன்று பேர் நேரத்துக்கு வந்தார்கள், என் ஐந்தாவது ஒழுங்கின்படி. வந்து, நான் எழுதியதைப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் ஒழுங்குப் பலகையைக் கழற்றினேன். செல்வமலர் பதறிப்போனார். "இனி நான் எதைப் பாத்துச் செய்யிறது சேர்?" என்று கேட்டார். "விளங்காட்டி என்னைக் கேளுங்கோ" என்றேன். அப்படி ஒரு ஒழுங்கு அந்த இருபத்திரண்டிலும் இருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை புதிய அமிலம் கரைத்தேன். இந்தத் தடவை சுட்டுத்துண்டில் செறிவு எழுதவில்லை. ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, அலுமாரியில் பூட்டினேன். கரும்பலகை வெறுமையாக இருந்தது. பிள்ளைகள் அந்த வெறுமையை, தண்ணீர் வராத பைப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். "சேர், எவ்வளவு வர வேணும்?" என்று நான்கு பேர் கேட்டார்கள். "அதைத்தான் நான் உங்களிட்டைக் கேக்கிறன்" என்றேன். திருகு ஒழுகியது, ஒருவன் குடுவையைக் கவிழ்த்தான். அப்படி ஒரு குழப்பமான செய்முறையை நான் நடத்தியதே இல்லை.

முடிவில் முப்பத்து நான்கு கொப்பிகளிலும் முப்பத்து நான்கு விதம். 27.9, 28.4, 29.1, 28.2. என் பணிக்காலத்திலேயே ஆக மோசமான பெறுபேறு. ஒவ்வொன்றின் கீழும் கையொப்பமிட்டேன்.

வகுப்பிலேயே அதிகம் விலகியது ஜெனிற்றாவின் பெறுமானம், 31.3. காரணத்தை அவளே கீழே எழுதியிருந்தாள்: "பியூரெட்டை அமிலத்தால் கழுவ மறந்துவிட்டேன்."

இரண்டு புள்ளி வெட்டினேன். அது நடைமுறை. மிச்சத்தைக் கொடுத்தேன்.

இரசாயனம் படிப்பிக்க வரும் இளம் ஆசிரியர்களுக்கு என்னிடம் இருக்கும் புத்திமதி சிறியது. போத்தலில் எதை விடுவது என்று எழுதுங்கள். கரும்பலகையில் விடையை எழுதாதீர்கள். வகுப்பு முழுவதும் ஒரே பெறுமானத்தைக் கொண்டுவந்தால் நெஞ்சு நிமிர வேண்டாம், முதலில் போத்தலைப் போய்ப் பாருங்கள். பிந்தி வரும் பிள்ளையை உள்ளே விடுங்கள்.